நாங்கள் கையில் கட்டாத பட்டை

ஐயா,

வெளிநாட்டுப் படிப்புக்குக் கட்டுகிற பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று நீ தடுமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது உன் கைக்கு வந்து சேரும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய். அந்த இரண்டு வார்த்தையில் என் கோபம் இறங்கிப் போய், பசியாறினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நீ கோலாலம்பூருக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. இந்த முறை அது நடக்கக்கூடாது என்றுதான் எழுத்தில் வருகிறேன். எழுதுவது உன் தங்கச்சி பாப்பா. என் வலது கையில் பேனாவைக் கொடுத்தால் நாலு வரி ஓடும். ஐந்தாவது வரியில் பேனா விரலுக்குள் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாமல், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் மாற்றி எழுதுகிறாள். நான் திட்டுகிற இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். “எழுதுடி” என்றால்தான் எழுதுகிறாள். எழுதியதை அழிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இது உனக்கு மட்டும் என்று சொல்லி எழுதுகிற கடிதமும் இல்லை. பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா இப்போதே எங்கள் சமையல்கட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கேட்கட்டும். உன்னைப் போல ஆராய்ச்சி படிக்கிற மற்றவர்கள் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். அவர்களையும் யாராவது ஒரு தாய் இப்படி நிறுத்தி வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை பாப்பாவுக்கு வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். காரணம் அவளுடைய இடது கை. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போதே இரண்டு விரல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப் போகிறது. மழைக்கோட்டின் பொத்தானைப் போட முடியாமல் பக்கத்தில் நிற்கிறவளிடம் கழுத்தை நீட்டுகிறாள். வாய் திறந்து கேட்க மாட்டாள், கழுத்தை மட்டும் நீட்டுவாள். உனக்குத் தெரியாதா அவளை. மிஷினில் இன்ஜின் பக்கத்தைப் பிடிப்பது அவள்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த கத்திரி இல்லை இது. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, தேயிலைச் செடியின் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிற மிஷின். பின்னால் பை காற்றில் உப்பிக்கொண்டு வரும். இன்ஜின் இருக்கிற பக்கம் தோள் வரைக்கும் உலுக்கும். அந்தப் பக்கத்தை ஏழு வருஷம் பிடித்தவள் நான். என் கை போன வழியிலேயே அவள் கையும் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. அவளுக்கு இன்னும் பத்தொன்பது வயது நிறையவில்லை.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி நல்ல மாதிரிதான் பேசினார். “வாங்கம்மா, உக்காருங்க. என்னா விஷயம்?” என்றார். பாப்பாவை மிஷினிலிருந்து எடுத்து நாற்றுப் பண்ணையில் போடுங்கள் என்று கேட்டேன். அவள் கையைப் பிடித்து மேசை மேல் வைத்தேன். சாயங்கால வெயிலில் அந்தக் கை நன்றாகச் சிவந்துதான் இருந்தது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் ஒரு பைலை எடுத்து வந்தார்.

“கை நல்லாத்தானே இருக்கு. அதோட, மிஷினால கைக்கு ஒன்னும் பெரிசா வர்றதில்லன்னு ஆராய்ச்சியே வந்துடுச்சு லா. நான் சொல்லல. உங்க மவன் சொல்லியிருக்காரு.”

“எம் மவனா?”

“ஆமா, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற நம்ம தம்பிதான். மேனேஜர் தொரை இத எல்லாருக்கும் காட்டுறாரு. இப்ப நான் போயி, இந்தப் பிள்ளைக்குக் கை சரியில்ல, வேற வேல குடுங்கன்னா, இதத் தூக்கி என் மூஞ்சி முன்னாடி வெப்பாரு. நான் என்னா பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்க.”

மலாய் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம். பாப்பாவைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவள் படித்த சத்தம் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகப் படித்தாள். தொழிலாளர்களின் கைகளை மூன்று வழியில் பார்த்தார்களாம். டாக்டர் தொட்டுப் பார்த்தாராம், கையில் கட்டிய கருவி அளந்ததாம், தொழிலாளர்களே வாயால் சொன்னார்களாம். மூன்றும் ஒரே முடிவைத்தான் சொல்கிறதாம். இந்தத் தோட்டத்து மிஷின் வேலையால் கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லையாம். கடைசியில் பெயர்கள் இருந்தன. முதலில் உன் பேராசிரியர், பிறகு இரண்டு பேர், நாலாவதாக நீ. என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் பெயரைப் பாப்பா படித்தபோது ஒரு நொடி என் மனம் குளிர்ந்தது. அச்சில் என் பிள்ளையின் பெயர். அடுத்த நொடிதான் அது எதற்குக் கீழே இருக்கிறது என்று புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் வேன் எடுத்துக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து ஏறி வந்த நாளை நினைத்துப் பார். போன வருஷம், மழை கொஞ்சம் விட்டிருந்த சமயம். நீ வேனிலிருந்து இறங்கினதும் மாரியாயி அக்கா உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நீ பேராசிரியர் முன்னால் வெட்கப்பட்டாய். அன்றைக்குச் சமைக்காத வீடு இல்லை. உங்களுக்கெல்லாம் அது ஆராய்ச்சி, எங்களுக்கு அது உன் பரீட்சை. அதுதான் நடந்தது, கேட்டுக்கொள். மாரியாயி அக்கா தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லாப் பெண்களிடமும் சொன்னாள்: “இந்தா பாருங்கடி, நம்ம லயத்துப் பிள்ளைக்குப் பரீட்ச. கேட்டா நல்லபடியா பதில் சொல்லுங்க. அங்க வலிக்குது இங்க குத்துதுன்னு ஒப்பாரி வெச்சு பெயிலாக்கிடாதீங்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டீர்கள். முதலில் நான். உன்னோடு படிக்கிற பெண் கேள்வி கேட்டாள், நீ தமிழில் சொன்னாய். கை மரத்துப் போகுமா, சாமான் நழுவி விழுமா, ராத்திரியில் வலியால் விழிப்பு வருமா. பக்கத்து மேசையில் கிராணி பெயர்ப் பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். உதவிக்கு இருக்கட்டும் என்று உன் பேராசிரியர்தான் அவரை உட்கார வைத்தார். “அதெல்லாம் ஒன்னும் இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். பெற்ற பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட்டேன், மரியாதைக்காக. நீ என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டத்தில் ஒரு கோடு போட்டாய். அந்த வாரம்தான் நான் உனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து, கோப்பை கைநழுவி உன் காலடியில் உடைந்தது. நீதான் சில்லுகளைப் பெருக்கினாய். அதை எந்தக் கட்டத்தில் போட்டாய்?

டாக்டர் வந்தது மதியம் சாப்பிட்ட பிறகு. தகரக் கூரை சூடேறி, மண்டபம் கதகதவென்று இருந்தது. ஊசி முனையால் விரலைத் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். எல்லார் விரலும் சிவப்பாகத்தான் இருந்தது. விரல் வெளுப்பது காலையில், பனி இறங்கியிருக்கும்போது, இலையில் தொட்ட கை ஐஸ் தண்ணீரில் விட்ட மாதிரி ஆகும்போது. இந்த மலையில் பிறந்த உனக்கு அது தெரியாதா? காலையில் வாருங்கள் என்று அவரிடம் சொல்ல உனக்கு என்ன தடை? நீங்கள் தங்கியிருந்த ஓட்டலில் காலை பசியாற எட்டு மணி ஆகும் என்று நீயே சொன்னாய். நாங்கள் எட்டு மணிக்கு இரண்டு வரிசை முடித்திருப்போம்.

பட்டையின் கதைதான் எல்லாவற்றிலும் பெரிது. கறுப்பாக, கடிகாரம் மாதிரி, நடுவில் சின்னப் பெட்டி வைத்தது. ஒரு வாரம் வேலை நேரத்தில் கையில் கட்டியிருக்க வேண்டும், கை எவ்வளவு அதிர்கிறது என்று அது எழுதிக்கொள்ளும் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பத்தரமா பாத்துக்குங்க, இது யூனிவர்சிட்டி சாமான், ஒன்னு போனாலும் என் தலையிலதான் விழும்” என்றும் சொன்னாய். அதைச் சொன்ன பிறகு எந்தப் பெண்பிள்ளை அதைப் பனியிலும் சேற்றிலும் கட்டிக்கொண்டு போவாள்? முதல் நாள் காலையிலேயே மாரியாயி அக்கா தன் பட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வேலைக்காட்டுக்கு வந்தாள். சந்தனம் வேறு வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்து எல்லாரும் அப்படியே செய்தோம். நானும்தான். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து திரும்பக் கட்டிக்கொண்டு சமைத்தோம். துணி துவைக்கும்போது நனையக்கூடாது என்று முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டோம். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. உன் சாமானைக் காப்பாற்றினோம். கருவி பொய் சொல்லவில்லை. மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் அது முருகனோடு அசையாமல் இருந்தது, அசையவில்லை என்று எழுதிவிட்டது.

ஆக மூன்று வழியில் பார்த்தீர்கள். பயந்தும் பாசத்திலும் சொன்ன பொய் ஒன்று, சூடேறின மண்டபத்தில் பார்த்த கை ஒன்று, சாமி மாடத்தில் கிடந்த பட்டை ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கிறதாம்! இவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிறபோது, வேலை நேரம் முழுக்க அசையாத கையை வைத்துக்கொண்டு எவள் கொழுந்து வெட்டுவாள் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? உன் பேராசிரியரை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் கை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது அடுத்த ஆராய்ச்சிக்குப் போயிருப்பார். அவர் வேறு ஊர்க்காரர், அவருக்குத் தெரியாமல் போகலாம். உனக்கும் பட்டை விஷயம் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் நீ

இந்த இடத்தில் பாப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கை மரத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, “அடுப்புப் பக்கம் வந்து காட்டு” என்றேன். அவள் எழவில்லை.

“அம்மா. அண்ணனுக்குத் தெரியும்.”

“என்னா தெரியும்?”

“பட்டைய யாரும் கட்டலன்னு. நான் சொன்னேன்.”

“எப்ப சொன்ன?”

“தீபாவளிக்கு முன்னாடி. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கை காலையிலதான் வெள்ளையாகும்னும் சொன்னேன்.”

மாரியாயி அக்கா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டாள். “ஏன்டி, நீ பேசுறதே அதிசயம், அத மெசேஜ்ல வேற அனுப்பினியா?” என்று சிரிக்கப் பார்த்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உன் பதிலைப் போடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று போனை மடியில் மறைத்துக்கொண்டாள். வாங்கிக் கேட்டேன். உன் குரல்தான். சளி பிடித்தால்கூட எனக்கு அடையாளம் தெரிகிற குரல். “பாப்பா, அத இப்ப கெளறாத. பேப்பர் அனுப்பியாச்சு. இது வந்தாதான் எனக்கு அங்க இடம் கெடைக்கும். அம்மாகிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, என்ன? நீ என் செல்லம்ல.” அதை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் நம்பாமல். இரண்டாவது தரம், எங்கேயாவது நீ யோசித்த மாதிரி ஒரு இடைவெளியாவது இருக்கிறதா என்று. மூன்றாவது தரம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதோடு எழுத்தை நிறுத்திவிட்டோம். இன்று வியாழக்கிழமை. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பாப்பா கேட்டாள். வேண்டாம் என்றேன். நீ அறியாதவன் என்று நான் நம்பிய இடம் எது, அந்த நம்பிக்கை எந்த வரியில் நின்றது என்று நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கோபத்தில் பேசுகிறேன் என்று ஒதுக்கிவிடாதே. கோபம்தான், ஆனால் என்னையும் சேர்த்துத்தான் கோபம். நீ தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது மழை அளந்தாய், நினைவிருக்கிறதா? மைலோ டின்னைக் கொல்லையில் வைத்து, அடிக்கோலை விட்டுப் பார்த்து, தினமும் நோட்டில் எழுதுவாய். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாய். மறுநாள் பள்ளிக்குப் போகிற அவசரத்தில், “அம்மா, நேத்து அளக்கல, என்ன எழுதுறது?” என்று அழுதாய். நான் சோறு கட்டிக்கொண்டே, “முந்தாநாள் என்ன போட்டியோ அதையே போட்டுட்டு ஓடு” என்றேன். நீ ஒரு நிமிஷம் தயங்கி நின்றாய். நான்தான் முதுகில் தட்டி அனுப்பினேன். அந்த நோட்டுக்கு உனக்குப் பரிசு கொடுத்தார்கள். காலியாக விட வேண்டிய இடத்தை நிரப்பச் சொன்ன முதல் ஆள் நான். அந்த ஒரு நாள் மழையால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்போது நீ நிரப்பியிருப்பது உன் தங்கச்சியின் கையை.

அவளைப் பற்றியும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. உன் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், பகலில் அவர் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ படிப்பை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டு வருகிறேன் என்றாய். நான் போனிலேயே சத்தம் போட்டேன், வந்தால் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று. பாப்பாவை நான் கேட்கவே இல்லை. படிவம் மூன்று முடித்திருந்தாள். மறுநாள் காலையில் பள்ளிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள், அவ்வளவுதான். அப்பா போன பிறகு திரும்பப் போகச் சொன்னேன். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்றாள். அதை வெட்கம் என்று நானும் விட்டுவிட்டேன். கியா பார்ம் பக்கம் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, உங்கள் வேன் வந்துபோன பின், என் கை போனது. வேலையில் ஒரு பெயராவது இல்லாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவள் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்து சொன்னாள். நீ விடுமுறைக்கு வந்து படுக்கிற அறை, உன் புத்தகங்கள் இருக்கிற அலமாரி, எல்லாம் அவள் பிடிக்கிற அந்த மிஷினால்தான் இன்னும் இருக்கிறது. இதை உனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இருவரைப் பெற்று, ஒருவனைக் கேள்வி கேட்கிறவனாகவும் ஒருத்தியைத் தலையாட்டுகிறவளாகவும் வளர்த்தது என் தப்பு. அந்தத் தப்பை நீ வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது உன் தப்பு. “நீ என் செல்லம்ல” என்றாயே, அந்தச் சொல்லை இதற்கா வைத்திருந்தாய்?

இந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். திங்கட்கிழமை விடிந்ததும் பாப்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். “லயத்துல எல்லார்கிட்டயும் கையப் பத்திக் கேட்டுட்டு வரேன்” என்றாள். கடைக்காரரிடம் மிச்சம் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டு வருகிற பெண் அவள். வீடு வீடாகப் போனாள். பெரட்டுக்கு முன்னால், அடுப்படியில், ஒவ்வொருத்தியாக. பக்கத்தில் கிராணி இல்லை, வேலை வாங்குகிற மண்டோர் இல்லை, நானும் இல்லை. விரல் வெளுத்திருக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டாள். எழுதியதை அவளவளுக்கே படித்துக் காட்டி, “இப்படித்தான சொன்னீங்க?” என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தி தான் சொன்னதில் பாதியை வேண்டாம் என்று சொல்ல, அதை அடித்துவிட்டாள். மாரியாயி அக்கா அவளிடம் சொன்னது இது: “அன்னிக்கு அவனுக்காகப் பொய் சொன்னேன், இன்னிக்கு உனக்காக உண்மை சொல்றேன். எழுதிக்கோ, தலை பின்ன முடியல, பொத்தான் போட முடியல, மருமவ பாக்காதப்ப அழுவுறேன். அந்தக் கடைசி வரிய மட்டும் சத்தமா படிக்காத லா, செவுத்துக்கு அந்தப் பக்கம் அவதான் இருக்கா.” பாப்பா அதை அவள் காதுக்குள் படித்துக் காட்டினாளாம்.

எல்லாரும் சரி என்று சொல்லவில்லை. இரண்டு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். “உங்க அண்ணன் ஒன்னு எழுதுவான், நீ ஒன்னு எழுதுவ, கடைசியில எங்க பேரு பெரட்டுலேருந்து போயிடும்” என்றார்களாம். அந்த இரண்டு வீட்டையும் பாப்பா நோட்டில் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். அவர்களுடைய இடத்தை அவள் நிரப்பவில்லை.

அவள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனதில்லை. பிறகு எப்படி அவளுக்குக் காலையில் போக வேண்டும் என்றும், ஆபீஸ் ஆள் இருக்கக்கூடாது என்றும் தெரிந்தது? உனக்கும் தெரியும், ஐயா. தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு சூடாக மாட்டேன். எங்களோடு ஒரே பானையில் சாப்பிட்டவன் என்பதால்தான் உன்னை அவர்கள் வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் பாஷை, எங்கள் நேரம், எங்கள் பயம் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான். தெரிந்ததை ஒன்றுவிடாமல் வேனிலேயே வைத்துவிட்டு இறங்கினாய். அங்கே போன பிறகும் உன்னை இல்லாதவர்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். இருக்கிறவர்கள் தங்கள் கையை இவ்வளவு சுலபமாக நீட்ட மாட்டார்கள். போகிற வீட்டில் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் உடனே எழுதிக்கொள்ளாதே. யாருக்குப் பயந்து, யாருக்குப் பிரியப்பட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று பார். அவர்கள் கொடுக்கிற கோப்பையை வாங்கும்போது அந்தக் கை நடுங்குகிறதா என்று பார். உங்கள் காகிதம் உங்களோடு நின்றுவிடுவதில்லை. அது திரும்பி மலையேறி வந்து ஒரு பைலில் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் காட்டித்தான் ஒரு பெண்ணை இன்னும் மிஷினைப் பிடி என்கிறார்கள். நேற்றுக் காலையும் பாப்பா இன்ஜின் பக்கத்தில்தான் நின்றாள். அந்தக் காகிதம் அங்கே இருக்கிற வரைக்கும் அவளுக்கு வேறு பக்கம் கிடையாது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். பாப்பாவின் நோட்டைப் பார்த்து எழுதிய ஒரு பிரதி, விரல்களின் படங்கள், நாங்கள் பட்டையை ஏன் கட்டவில்லை என்று நான் சொன்னது, எல்லாம் ஒரு உறையில் இருக்கிறது. மேலே உன் பேராசிரியரின் பெயர். சொன்னவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சேர்த்திருக்கிறோம். அவர்கள் பெயர் எதிலும் இல்லை, என் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரை இந்த எஸ்டேட் இனி எங்கேயும் வெட்ட முடியாது, ஏற்கெனவே வெட்டியாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை நான் ரிங்லெட்டுக்கு இறங்கும்போது அதைத் தபாலில் போடுவேன். அதற்குள் நீயே அவர் முன்னால் போய், அந்தக் காகிதம் தப்பு, எனக்குத் தெரிந்தே போனது என்று சொல்லிவிடு. சொன்னாலும் நான் உறையைப் போடத்தான் போகிறேன். ஆனால் அது உன்னைக் காட்டிக்கொடுத்த உறையாக இருக்காது, நீ சொன்னதற்குத் துணையாகப் போன உறையாக இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் உனக்கு ஒரு வாரம் கொடுக்கிறேன்.

“அண்ணன் போறது நின்னுட்டா என்னம்மா பண்றது?” என்று பாப்பா இப்போது கேட்கிறாள். கண் கலங்கியிருக்கிறாள். உனக்காகக் கலங்குகிற ஒரே ஆள் இந்த வீட்டில் இப்போது அவள்தான். நின்றுவிட்டால் நின்றுவிடட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவதற்காக நான் இழந்தது கொஞ்சமில்லை. அந்தப் பட்டியலில் அவளையும் சேர்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு, எனக்கு அந்த விமானத்தை அண்ணாந்து பார்க்க முடியாது. அதனால் சொல்கிறேன், எழுது பாப்பா: நின்றுவிட்டால் நின்றுவிடட்டும். இங்கே வா. உன் அறை இருக்கிறது. வேறு வழியில் மறுபடி முயற்சி செய். நான் செத்துப்போக மாட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் போன் செய். என்னிடம் பேச வேண்டாம், நான் எடுக்கவும் மாட்டேன். பாப்பாவிடம் பேசு. சரி பாப்பா, சரி பாப்பா என்று சொல்லி அவளை மூடி வைக்காதே. அவள் மெதுவாகத்தான் பேசுவாள், நடுநடுவே நிறுத்துவாள், நிறுத்துகிற இடத்தில் நீ புகுந்துவிடாதே. ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். அவள் கை எப்படி இருக்கிறது என்று கேள். அவள் சொல்வதை, சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்.